அழிக்கச் சொன்ன மெயில்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் தேனாம்பேட்டையில் லிப்ட் கம்பெனி நடத்துகிறேன். யாரிடமும் யோசனை கேட்டதில்லை. வருகிற மெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அழித்துவிட வேண்டும் என்பது என் சட்டம்.

“லிப்ட் நன்றாக ஓடுகிறது” என்று மெயில் அனுப்பிய அடையாறு பில்டரே, பிறகு லிப்ட் மோசம் என்று வழக்குப் போட்டார். நான் காட்டிய பிரிண்ட் போலி என்றார்.

“பேப்பர்ல யார் வேணா அடிக்கலாம் சார். வந்த மெயில் வந்தபடியே வேணும்,” என்றார் என் வக்கீல். சம்பாதித்த பெயரெல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் மேரி சொன்னாள்: “நீ கத்திக்கினே இருப்ப நைனா, அதுக்காக அழிச்சுடுவேனா? எல்லா மெயிலும் வந்தபடியே கம்ப்யூட்டர்ல தனியா கீது.”

அந்த மெயிலைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. போன உயிர் திரும்பியது. என் பேச்சைக் கேட்காத ஒருத்தியை நான் கும்பிட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.