நிற்காத வெல்லம்

1996 மார்ச் மாதம். கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பாலைக் கொட்டகை. அன்று மத்தியானம் அங்கே நான் இருந்தேன், அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டு அம்மா இருந்தார், பாகு காய்ச்சும் பெரிய கொப்பரையை இறக்க நான்கு ஆட்கள் இருந்தார்கள். இருந்தே ஆக வேண்டிய அப்பா மட்டும் இல்லை.

அப்பாதான் அங்கே பதம் பார்க்கிறவர். பாகு எப்போது வெல்லமாகும் என்று சொல்வது அவர் வேலை. அவிநாசிப் பக்கம் நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். கடைசிக் கொப்பரை ஒன்று பாக்கி. அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் விடுமுறையில் எல்லாம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான்.

கிளம்பும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு சொட்டுப் பாகைத் தண்ணியில உட்டு உருட்டு. அதைக் கொப்பரை விளிம்புல அடிச்சா டக்குன்னு சத்தம் வரோணும். அது வர்ற முட்டும் எறக்கிப்போடாதே."

நான் அப்போது கோவையில் பி.எஸ்ஸி. புவியமைப்பியல் படித்துக்கொண்டிருந்தேன். கல், மண், பூமியின் உள்பகுதி பற்றிய படிப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனால் பூமியின் உள்ளமைப்பு பற்றிய தாளில் இரண்டு முறை தவறியிருந்தேன். மூன்றாவது முறைக்கு இன்னும் மூன்று வாரம். இதிலும் போனால் ஆலைக்கே வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். கோபத்தில் சொன்னதல்ல, அவரால் அதற்கு மேல் முடியாது. எப்படியும் தேறுவது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

எனக்குப் புரியாதது ஒரே இடம். நாம் நிற்கிற மேலோட்டுக்குக் கீழே மேன்டில் என்று பெரிய படலம் இருக்கிறது. அது கெட்டிப் பாறை என்கிறது புத்தகம். அதே புத்தகம், அது மெல்ல ஓடுகிறது, கண்டங்கள் எல்லாம் அதோடு நகர்கின்றன என்கிறது. கெட்டி என்றால் எப்படி ஓடும்? ஓடினால் எப்படிக் கெட்டி? இரண்டு தடவையும் அது உருகிய குழம்பு என்று எழுதித்தான் தவறினேன்.

அன்று கொப்பரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் பாகு பொங்கி மேலே வருகிறது, ஓரத்துக்குப் போகிறது, அங்கே கீழே இறங்குகிறது. மேலே மிதக்கிற நுரைத் திட்டுகள் விலகுகின்றன, வேறு இடத்தில் போய் முட்டுகின்றன. புத்தகத்தில் இருந்த படம் அப்படியே கண் முன்னால். மெய்மறந்து போனேன். எவ்வளவு நேரமோ தெரியாது. விளிம்பில் தெறித்த பாகு கருகும் வாசம் வந்ததும்தான் திடுக்கிட்டேன். பதம் தாண்டிவிட்டது என்று நினைத்து, இறக்கச் சொல்லிக் கத்தினேன்.

அம்மா சக்கையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை.

பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, உருண்டை பிடித்து, கொட்டகையில் அடுக்கினோம். ஆறியதும் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் வந்த அப்பா கொட்டகைக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. நான் போய்ப் பார்த்தேன். அடி வரிசை உருண்டைகள் தட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பாளமாகக் கிடந்தன. மேல் வரிசை சாய்ந்திருந்தது. பதம் வருவதற்கு முன்பே இறக்கியிருக்கிறேன். பின்னாலேயே வந்த அம்மா, "காலேஜுப் படிப்பு காச்சுன வெல்லம், தோசையாப் போச்சு" என்றார்.

அப்பா ஒரு உருண்டையை எடுத்துக் கல்லில் அடித்தார். கண்ணாடி மாதிரித் தெறித்தது. "அடிச்சா ஒடையுது. உட்டு வெச்சா எறங்குது. இது என்னடா எழவு, கெட்டியா, தண்ணியா?"

எனக்குள் ஏதோ திறந்த மாதிரி இருந்தது. சட்டென்று அடித்தால் கல். சுமையை ஏற்றி நேரம் கொடுத்தால் ஓட்டம். பொங்குகிற பாகு அல்ல மேன்டில், இந்த உருண்டைதான் மேன்டில். இதற்கு ஒரு ராத்திரி போதும், பாறைக்குக் கோடி வருஷம் வேண்டும். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

"வெல்லம் போச்சேன்னு நான் நிக்கறேன், நீ சிரிக்கறயா?" என்றார் அப்பா. நான் சத்தம் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கையில் ஒட்டிய வெல்லத் துகளைத் தட்டிவிட்டார். பிறகு, ஆலைக்காரரிடம் தன் கைத் தவறு என்றே சொல்லிவிடுவதாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒரு கொப்பரைகூடப் பதம் தவறாத மனிதர். என்னால் அதை விட முடியவில்லை. கூடவே போய், "நான்தானுங்க எறக்குனேன், அப்பா ஊர்லயே இல்லீங்க" என்றேன். ஆலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலேஜில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேட்டார். நஷ்டத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டார்.

ஒரு உருண்டையை மட்டும் கேட்டு வாங்கி, புத்தகத்துக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துப் படித்தேன். தினமும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருந்தது. பரீட்சையில் மேன்டிலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெல்லத்தையே உதாரணமாக எழுதினேன். திருத்தியவர் சிரித்திருக்கலாம். ஆனால் தேறிவிட்டேன்.

இன்றைக்கும் யாராவது "புரிந்ததா?" என்று கேட்டால், சத்தம் கேட்டதா என்று எனக்குள் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் தலையாட்டுகிறேன், அந்தப் பழக்கத்துக்கு எங்கள் வீடு கொடுத்த விலை நானூற்று இருபது ரூபாய், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அடுப்பு முன்னால் நின்ற ஏழு நாள் கூலி.