கையில் கட்டிய காணி

ஏகாம்பரம் சார் இறந்த செய்தியைப் பியூன் முனுசாமி கொண்டுவந்தார். நான் அப்போதுதான் விழுப்புரம் பாசஞ்சரில் வந்து இறங்கி, திண்டிவனம் அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் இறந்தது விழுப்புரம் ஆஸ்பத்திரியில். நான் ரயில் ஏறிய ஊரில் நடந்தது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

"போன் வந்துச்சும்மா. சாரு காலையில போயிட்டாராம்."

"எத்தன மணிக்காம்?" என்று டைப்பிஸ்ட் கல்யாணி கேட்டார்.

"ஊரு மணிக்கா, அவரு மணிக்கா?" என்றார் கேஷியர் கோவிந்தன்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறுத்தினோம். நானும் சிரித்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள் என்று நான் நம்பவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அனைவரும் அவருடைய நேரந்தவறாமையைப் பாராட்டினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: கை நீட்டாதவர். அது உண்மை. லஞ்சத்துக்கு அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கை நீட்டியதெல்லாம், மணிக்கட்டில் இருந்த சுவிஸ் வாட்ச் எதிரில் நிற்பவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான்.

தங்க நிறத்தில் பெரிய வட்டம், எஃகுச் சங்கிலி. அதற்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கை அசைந்தால் உள்ளே ஏதோ சுழன்று தானாக முறுக்கேறும். "இதுக்குச் சாவி கெடையாது. ஏகாம்பரம் நடந்தா இது ஓடும்," என்பார். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இது சொல்லப்படும். வேலை என்ன என்பது மறுநாள் சொல்லப்படும்.

அந்த வாட்ச் வேகமாக ஓடியது. ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், ரேடியோவுக்கும் முன்னால். ஆனால் தலைமை எழுத்தர் அவர். வருகைப் பதிவேடு அவர் மேஜையில் இருந்தது. பாசஞ்சரில் வரும் எங்களுக்கு வாரத்தில் பாதி நாள் சிவப்பு மையில் ஒரு குறி விழும். மூன்று குறி சேர்ந்தால் ஒரு நாள் விடுப்பு போய்விடும். ஊர்ப் பெயராலேதான் எங்களைக் கூப்பிடுவார்.

"என்னம்மா விழுப்புரம், இன்னிக்கும் லேட்டா?"

"சார், ரேடியோவுல இப்பதான் மணி அடிச்சாங்க. உங்க வாட்ச்சுதான் முன்னாடி போவுது," என்று கோவிந்தன் ஒருநாள் எனக்காகப் பேசிப் பார்த்தார்.

"ரேடியோ எங்கருந்து பேசுது? டில்லியிலருந்து. அங்கருந்து சத்தம் இங்க வர்றதுக்கு டைம் ஆவுமா ஆவாதா?"

"அப்ப சுவிஸ்ஸு அதவிட தூரமாச்சே சார்."

"அது என் கையில இருக்குதுய்யா!"

குறி விழுந்தது. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது எனக்கு விடுப்பு மீதி இல்லை.

அந்த வாட்ச் எப்படி வந்தது என்பதை அவரே பெருமையாகச் சொல்வார். நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுவது பெண் வீட்டார் வழக்கம். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா, சாதாரண வாட்ச் ஒன்றை வாங்கித் தட்டில் வைத்திருந்தார். ஏகாம்பரம் அதைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடி தட்டிலேயே வைத்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். "பேசாததுதான் பேச்சு," என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். மல்லாட்டைக் கடலை போட்டுக்கொண்டிருந்த ஒரு காணி நிலம் மில்லுக்காரர் ஒருவருக்குப் போனது. பாண்டிச்சேரியிலிருந்து சுவிஸ் வாட்ச் வந்தது. பிறகுதான் தாலி.

"அவரு கையில ஒரு காணிய கட்டிக்கினு திரியறாரு. அதான் நடக்கும்போது ஒருபக்கமா சாயறாரு," என்பார் முனுசாமி.

அந்தப் பெண் அஞ்சலை. அவரை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, அலுவலக வேப்பமரத்தடியில் நிற்பார். நேரத்துக்கு முன்னால் வந்தால் சார் உள்ளே விடமாட்டார். வாட்ச் படி தாமதமாகிவிட்டால் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பி அனுப்பிய சாப்பாட்டை அஞ்சலை மரத்தடியில் உட்கார்ந்து தானே சாப்பிடுவார். அப்படித்தான் எனக்குப் பழக்கமானார்.

குழந்தைகள் இல்லாத அந்த அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அப்பாவின் காணியைத் திருப்பி வாங்க வேண்டும். மில்லுக்காரரும், நிலம் உங்களுடையது, காசு கொண்டுவந்தால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். காசு எங்கே இருக்கிறது என்பதிலும் அஞ்சலைக்குச் சந்தேகம் இல்லை.

"அவரு கையிலதாம்மா இருக்குது. நெலம் ஒரு வருசம் வெளையும், ஒரு வருசம் காயும். இது காயாது, வெல ஏறிக்கினே போவும்னு அவரே சொல்லியிருக்காரு. எப்பனா ஒருநாளு வித்து நெலத்த திருப்பிடுவேன்."

சார் அப்படிச் சொன்னது எனக்கும் தெரியும். வாட்ச் எதற்கு இவ்வளவு விலை என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். பேட்டரியில் ஓடும் புது வாட்ச்சுகள் விலையும் குறைவு, நேரமும் தவறுவதில்லை என்று பத்திரிகையில் படித்ததை ஒருமுறை அவரிடம் சொன்னேன். அவர் என் வெறும் கையைப் பார்த்தார். "நீ படிக்கிறதுல எல்லாம் இருக்கும்மா. உன் கையில ஒண்ணும் இருக்காது." அது ஒரு நல்ல வாக்கியம் என்று அன்றே தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. அவரிடம் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அவருடைய மாமனார் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தார். தான் விற்ற நிலத்திலேயே அப்போது கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். கூலியாகக் கிடைத்த பச்சை மல்லாட்டையை ஒரு பையில் போட்டு மகளுக்காகக் கொண்டுவந்திருந்தார். வீடு பூட்டியிருந்ததால் இங்கே வந்துவிட்டார். பையை மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு, கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, மணி இன்னாங்க ஆவுது? அனந்தபுரம் பஸ்ஸு போயிருக்குமா?"

ஏகாம்பரம் சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாட்ச் கட்டிய கை காகிதத்தின் மேல் இருந்தது. அவர் அதைத் திருப்பக்கூட வேண்டியதில்லை.

"பஸ் ஸ்டாண்டுல கடியாரம் இருக்குது. போய்ப் பாத்துக்கோ."

பெரியவர் "சரிங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். "நான் வாங்கின வாட்ச்சு எனக்கே மணி சொல்லாதாம்மே" என்று. அந்தப் பெரியவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இரங்கல் கூட்டத்தில் இந்தச் சம்பவம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மூன்று பேர் மேடையில் இருந்தார்கள்.

சாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. வாட்ச் கட்டிய பக்கம். நான் விழுப்புரத்தில் இருப்பதால் மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போவேன். முதல் நாள் போனபோது, அஞ்சலை அவருடைய இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, தயிர் கடைவதுபோல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஏதோ வைத்தியம் என்று நினைத்தேன்.

"வைத்தியம் இல்லம்மா. கை ஆடலன்னா வாட்ச்சு நின்னுடுது. அதான் காலையில ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி ஆட்டிவுடறேன்."

"வலது கையில மாத்திக் கட்டலாமேம்மா?"

"சொன்னேன். சாப்புடற கையில எச்சில் படும்ன்றாரு. கழட்டி என் கையில கட்டிக்கினு நடக்கட்டுமான்னேன். அதுக்கு மொறைக்கிறாரு."

கட்டிலில் கிடந்தவர் கோணிய வாயோடு, "ஜல்தி... ஜல்தி..." என்றார். அஞ்சலை வேகமாக ஆட்டினார். உயிரில்லாத கையில் வாட்ச் ஓடியது. பிறகு சார் என்னைப் பார்த்தார். வாட்ச் முள்ளைப் பார்த்தார். மிகுந்த சிரமத்தோடு, "விழுப்பு...ரம். லேட்டு," என்றார்.

அதை நகைச்சுவையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது அஞ்சலை ஜன்னல் ஓரம் சும்மா உட்கார்ந்திருந்தார். வாட்ச் நின்றிருந்தது. சார் கண்கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல. நேத்து ஆட்டிக்கினே இருந்தேனா, எங்கப்பா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. எங்கப்பாவுக்கு மணி சொல்லாத வாட்ச்சுதான இது. இவருக்கு மட்டும் எதுக்கு சொல்லணும்?" சத்தமாகத்தான் சொன்னார். கட்டிலில் இருந்தவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

வாட்ச் நிற்கும்போது ஆளும் போய்விடுவதாகக் கதைகளில் எழுதுவார்கள். ஏகாம்பரம் சார் போகவில்லை. வாட்ச் நின்ற பிறகும் பல நாள் இருந்தார், நின்றதைப் பார்த்துக்கொண்டு.

காரியம் முடிந்ததும் அஞ்சலை என்னைத் துணைக்கு அழைத்தார். இருவரும் கோட்டக்குப்பம் போனோம். வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை வைத்திருந்த பாய், வாட்ச்சை ஆட்டிப் பார்த்தார், பின்மூடியைத் திறந்து பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். அந்த நிமிடத்துக்காகத்தான் அஞ்சலை அத்தனை வருடம் மரத்தடியில் சாப்பிட்டிருக்கிறார்.

"அசல் சரக்குதாம்மா. குத்தம் சொல்ல மாட்டேன்."

"ஒரு காணி வாங்கிடலாமா பாய்?"

"காணியா?" பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அம்மா, இத இப்ப யாரு கட்றாங்க? துபாயிலருந்து வர்ற பசங்க எல்லாம் பேட்டரி வாட்ச்சுதான் கொண்டாரானுங்க. சாவியும் வேணாம், ஆட்டவும் வேணாம். நெலத்துக்கு இன்னிக்கு வெல எங்க போயிடுச்சு! இது அங்கயே நின்னுபோச்சு. உங்களுக்காகச் சொல்றேன், ஒரு ஆடு வரும். குட்டியோட."

அஞ்சலை சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. "ஆட்டவும் வேணாமாம்மா! கேட்டியா? ஆட்டவும் வேணாமாம்!" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆடு என் தம்பிகிட்டயே இருக்குது பாய். வர்றேன்."

வாட்ச்சுக்கு மதிப்பு உண்டா என்று என்னைக் கேட்டால், படித்ததையெல்லாம் வைத்து ஒரு கட்டுரை எழுத முடியும். அசல்தான், குறையில்லாத வேலைப்பாடுதான். நாற்பது பேரை மிரட்டியது, ஒரு கிழவரை வெயிலில் அனுப்பியது, ஒரு பெண்ணை வாழ்நாள் முழுதும் நம்பவைத்தது. இவ்வளவையும் ஒரு மலிவான வாட்ச் செய்திருக்க முடியாது. மணி சொல்வதை மட்டும் அதைவிட மலிவானது நன்றாகச் செய்திருக்கும்.

போன மாதம் குடும்ப ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்து வாங்க அஞ்சலையின் தம்பி வீட்டுக்குப் போனேன். அஞ்சலை வயல்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். மில்லுக்காரரின் மல்லாட்டைக் கொல்லை வரப்பில், நான்கைந்து ஆடுகளை மேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அது எந்தக் கொல்லை என்று நான் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளாடு ஒன்றின் கழுத்தில், மணி கட்டும் இடத்தில், கயிற்றில் கோத்த தங்க நிற வட்டம் ஒன்று வெயிலில் மின்னியது.

"நிக்கவே இல்லம்மா," என்றார் அஞ்சலை. "அவரு கையிலகூட இப்புடி ஓடல."

"யாராவது அறுத்துக்கினு போயிடப் போறாங்கம்மா."

"போனா போவுது. ஆட்ட ஓட்டிக்கினு போவாம இருந்தா சரி."

குனிந்து மணி பார்த்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாட்ச் படி பஸ் போயே விட்டிருந்தது. இன்னமும் வேகமாகத்தான் ஓடுகிறது.

கயிற்றில் கோத்ததால் எஃகுச் சங்கிலி தேவைப்படவில்லை. அதை மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்க சாரு ஞாபகமா நீ வச்சுக்கோம்மா."

அதுதான் இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கண்ணிகளுக்கு இடையில் கறுப்பாக அழுக்கு ஏறியிருக்கிறது. அவருடைய மணிக்கட்டிலிருந்து வருடக்கணக்காகச் சேர்ந்தது. சோப்பு போட்டால் போய்விடும். கழுவாமல் வைத்திருக்கிறேன். கழுவினால் வெறும் சங்கிலிதான் மிஞ்சும். ஏகாம்பரம் சாருடையது என்று சொல்ல என்னிடம் இருப்பது அந்த அழுக்கு மட்டும்தான்.