மிளகின் மேல் விழுந்த பழி

என் தாய்மாமன் மட்டாஞ்சேரிச் சந்தையில் மிளகுத் தரகர். ஒரு மூட்டையின் தரத்தை அறிய அவர் அதன் வாயை அவிழ்த்துப் பார்க்கவே மாட்டார். மேலே இருப்பது காட்டுவதற்கென்றே வைக்கப்பட்டது என்பது அவருடைய உறுதியான எண்ணம். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகுவார். உள்ளிருந்து அதன் குழிவழியே வந்து விழும் மணிகளில் ஒன்றிரண்டை வாயிலிட்டு மெல்லுவார். இப்படி நாளெல்லாம் மென்றுகொண்டிருப்பார். இவ்வளவு ஐயப்பாடு கொண்ட மனிதர், தாமே ஒரு மருத்துவர் முன் போய் உட்காரும்போது மட்டும், மூட்டையின் மேலே கிடக்கும் மிளகை மட்டுமே காட்டுவார்.

சென்ற மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிடங்கின் மரப்படிகளில் பாதி ஏறியதும் நின்று, சுவரில் இல்லாத எதையோ உற்றுப் பார்ப்பவர் போல நடிப்பார். மேல்வயிற்றில் எரிச்சல் இருந்தது. எழுந்து நின்றால் சில சமயம் கண் இருட்டியது. இவை எதையும் அவர் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் சொல்லவில்லை. உடன்போன அத்தை, அதாவது அவருடைய மனைவி, அந்தச் சந்திப்பை எனக்கு விவரித்தார்.

"டாக்டர் 'எந்தா ப்ரஸ்னம்'னு கேட்டார். இவர் 'கேஸ்'னார். அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் பரம சந்தோஷம்."

வலியைச் சொல்வது நோயாளியின் வேலை. நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. மாமா இரண்டையும் தாமே முடித்துக் கொடுத்துவிட்டார். வெளியே வராந்தா நிறைய ஆட்கள் காத்திருக்க, அந்த மருத்துவரும் வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். நான் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து, நோயறிதலில் நேரும் தவறுகளைக் குறைப்பது பற்றி வார்டு வார்டாகச் சென்று பேசும் ஒரு சிறு குழுவில் பணிபுரிகிறேன். இத்தகைய தவறு பெரும்பாலும் ஒருவருடைய அறியாமையால் மட்டும் நேர்வதில்லை. இரு நல்லவர்கள் அவசரத்தில் ஒத்துழைக்கும்போதே எளிதில் நேர்ந்துவிடுகிறது என்பது கூட்டங்களில் நான் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். அது எங்கள் வீட்டுக்கே வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

எனக்கு இதயத்தின் மேல் சந்தேகம். படியேறினால் மூச்சு வாங்குகிற, அந்த வயதுள்ள ஒருவரைப் பற்றி வேறென்ன நினைப்பது?

"மாமா, மறுபடியும் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'இது வேற என்னவா இருக்கும்'னு."

"நல்ல கத! ஒருத்தன் தன் சரக்கை முதல் தரம்னு சொல்றான். அவன் மூஞ்சியப் பாத்து 'வேற என்ன தரமா இருக்கும்'னு கேட்டா, நாளைக்கு என்னை உள்ள விடுவானா மோளே?"

"அப்ப நீங்க யாரையும் கேக்கவே மாட்டீங்களா?"

"கேக்க மாட்டேன். குத்திப் பாத்துருவேன்."

உயிரின் பேரால் அவரை அசைக்க முடியவில்லை. கௌரவம் அசைத்தது. ஒரு நாள் வெளியூர் வியாபாரி ஒருவரை அழைத்துக்கொண்டு படியேறியவர், பாதியில் அங்கிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். எழவும் முடியவில்லை. மேலே போன வியாபாரி, வேறொரு தரகரின் தோளில் கை போட்டபடி இறங்கி வந்தாராம். அன்று மாலையே மாமா, "பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணும்னா போலாம். ஆனா எனக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

இடப்பள்ளிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குப் புறப்பட்ட காலையில் அவரைப் பார்த்து என் அம்மா திகைத்துப்போனார். மாமா முகம் மழித்துக் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளை முண்டு கட்டி, முகம் முழுக்கப் பவுடர் பூசி, வெற்றிலையும் போட்டிருந்தார்.

"டாக்டரைப் பாக்கப் போறியாடா, பொண்ணு பாக்கப் போறியா?"

"டாக்டர் நம்மளப் பாக்கும்போது பாக்கற மாதிரி இருக்கணும் அக்கா. அழுது வடிஞ்சிட்டா போவாங்க?"

நோயாளி தனியாக மருத்துவரிடம் செல்லக்கூடாது, விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் அறிவுரை. அதை நான் வீட்டில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியதால் அத்தை, அம்மா, நான் என மூவர் உடன் சென்றோம். வைட்டிலாவில் பஸ் மாறினோம். மாமாவுக்கு இரண்டு பஸ்ஸிலும் இருக்கை கிடைத்தது. மருத்துவமனையில் லிஃப்ட் இருந்தது. ஆகவே மூச்சு சற்றும் வாங்காத, மணமணக்கும், உதடு சிவந்த ஒரு மனிதரைத்தான் நாங்கள் அந்த இளம் பெண் மருத்துவர் முன் கொண்டுபோய் நிறுத்தினோம்.

நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு அவரும் தமதளவில் மலையாளம் கலந்த தமிழுக்கு மாறினார். "என்னாச்சு சேட்டா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். சுகம்," என்றார் மாமா.

"அவருக்கு கேஸ்," என்றார் அத்தை.

"சின்னதுலயே இவனுக்கு வயிறு லாயக்கில்ல," என்றார் அம்மா.

"படி ஏறும்போது நெஞ்சில இறுக்கம்," என்றேன் நான்.

மாமா திரும்பிப் பார்த்தார். "இறுக்கம்னு நான் எப்ப சொன்னேன்?"

"வேற மருந்து ஏதெங்கிலும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஒண்ணும் கிடையாது," என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். மாமா ஆமோதித்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இதயத் துடிப்பின் வரைபடம் எடுக்கப்பட்டது. அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அந்த நல்ல செய்தி என்னை ஒரு கணம் ஏமாற்றமடையச் செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு, கூட்டங்களில் கற்பிக்கும் அதே தொனியில் கேட்டேன்: "இது வேற என்னவா இருக்கலாம், டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அத்தையைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"நல்ல கேள்வி. பக்ஷே பதில் சேட்டன்தான் சொல்லணும். நீங்க மூணு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

உடன் வருபவர் எப்போது வெளியேற வேண்டும் என்பது பற்றி எங்கள் அறிவுரையில் ஒரு சொல்கூட இல்லை என்பது மூடிய கதவின் முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவருக்கும் சேத்து நான்தான் பேசறேன்," என்று அத்தை கதவை முறைத்தார். "உள்ள என்னத்தச் சொல்லித் தொலைக்கப் போறாரோ."

"உன் சமையலப் பத்தித்தான் சொல்லுவான்," என்றார் அம்மா.

கதவு திறந்தபோது மாமா சக்கர நாற்காலியில் இருந்தார். முகத்துப் பவுடர் பாதி துடைக்கப்பட்டிருந்தது. துடைத்த பாதி, துடைக்காத பாதியைக் காட்டிலும் வெளுத்திருந்தது. அத்தையின் கை என் தோளை இறுகப் பற்றிக்கொண்டது. அதன் பிறகு ரத்தப் பரிசோதனை முடியும்வரை எங்களில் எவரும் யாரையும் கேலி செய்யவில்லை.

உள்ளே நடந்ததை மாமாவே பின்னர் வார்டில், கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, ஏதோ பெரிய வியாபாரத்தை முடித்த நிறைவோடு எங்களுக்குச் சொன்னார். மருத்துவர் முதலில் ஈரப் பஞ்சால் அவர் முகத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்திருக்கிறார். அங்கே சிவப்பே இல்லை. அடுத்து, மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டிருக்கிறார்.

"கறுப்புன்னேன். ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டா. நாள் முழுக்க மிளகு சவைக்கிறவனுக்கு வேற என்ன நிறத்துல போகும் டாக்டர்னு கேட்டேன். பேனாவக் கீழ வச்சிட்டா, பாவம்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் அம்மா.

"பெண்ணுங்ககிட்டப் பேசற விஷயமா அது?"

"அந்த டாக்டரும் பெண்தானே மாமா?"

"டாக்டர் டாக்டர்தான்."

மிளகால் அப்படிக் கறுக்காது. அது வயிற்றுப் புண்ணிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, குடலுக்குள்ளேயே கறுத்து வந்த ரத்தம். புண்ணுக்குக் காரணம், முழங்கால் வலிக்காக மருந்துக்கடை நண்பரிடம் வாங்கி அவர் தினமும் விழுங்கிவந்த மாத்திரை. அதை அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை; டாக்டர் எழுதித் தந்தால்தானே அவர் கணக்கில் அது மருந்து? வாயுவுக்கான மாத்திரை எரிச்சலை ஓரளவு தணித்ததால், வலி மாத்திரையைத் தயக்கமின்றித் தொடர்ந்திருக்கிறார். அத்தை சந்தேகித்த வாயு, நான் சந்தேகித்த இதயம், அவர் நம்பிய மிளகு, மூன்றும் குற்றமற்றவை. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் அந்த மரப்படியிலேயே விழுந்திருப்பார் என்று மருத்துவர் எங்களிடம் ஒளிவின்றிச் சொன்னார். வாய்வழியே குழாய் இறக்கிப் புண்ணைக் கண்டு, கசிவையும் அடைத்தார்கள்.

"குத்திப் பாத்துட்டா மோளே," என்று மாமா மெச்சினார். "மூட்டைய அவிழ்க்காமலே பாத்துட்டா."

வீடு திரும்பியதும் அவர் முதலில் சென்றது பக்கத்துத் தெரு மருத்துவரிடம். சண்டையாகிவிடுமோ என்று அஞ்சி நானும் பின்னாலேயே ஓடினேன். வாங்கிய சரக்கு உள்ளே வேறு விதமாக இருந்தால் விற்றவரிடம் போய்ச் சொல்வது சந்தை மரியாதை; சொல்லாவிட்டால் அடுத்த முறையும் அதே சரக்குத்தான் வரும் என்பது மாமாவின் வாதம். மருத்துவர் முழுவதையும் கேட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் சாயா வரவழைத்தார். இப்போதெல்லாம் யாராவது போய் உட்கார்ந்து "கேஸ்" என்றால், "அது நான் சொல்ல வேண்டியது. நீ வலியைச் சொல்லு," என்கிறாராம்.

மறுபரிசோதனைக்கு மீண்டும் நால்வரும் இடப்பள்ளிக்குப் போனோம். மாமா பவுடரும் வெற்றிலையும் இல்லாமல், எங்களை ஏறிட்டும் பாராமல் தனியே உள்ளே சென்று, நெடுநேரம் பேசிவிட்டு மலர்ந்த முகத்துடன் வெளியே வந்தார். புண் ஆறிவிட்டதாம். என்ன பேசினீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, "அது எனக்கும் டாக்டருக்கும் உள்ளது," என்றார்.

அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எனக்கும் டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்? இரு, நானும் வரேன்."

"நீங்க வெளிய இருங்க," என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். மூச்சு வாங்கவில்லை. "நல்லாத்தானே இருந்தா? கேஸாத்தான் இருக்கும். இவளுக்கு எப்பவும் கேஸ்தான்." இன்னொரு நடை நடந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மோளே, வேற என்னவா இருக்கும்?"