நேர்ந்தவர் ஒருவர், நடந்தவள் ஒருத்தி

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி இயந்திரத்துக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்பவரை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பேய்க்கதை ஏதோ என்று பயப்படுவார்கள். கறை போகாத விரிப்பை யாராவது மடித்துத் தள்ளிவிட்டால் அக்கா போடுகிற சத்தத்தைக் கேட்டபிறகு, பேயே தேவலை என்பார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். போன வருஷம் அவருக்கு இதயத்தில் அறுவை நடந்தது. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது மனுஷன் கடவுளிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். பிழைத்து வந்தால் மலைமேல் இருக்கும் அந்தப் புண்ணியத்தலத்துக்கு, ஒன்பது நாள் நடையாக, தன் சம்சாரத்தை அனுப்பிவைப்பதாக!

யாத்திரைக் குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அக்காவிடம் சொன்னார்.

"ஏங்க, நேர்ந்துக்கிட்டது யாரு?"

"நான்தான்."

"நடக்கப்போற காலு யாருது?"

"நீ வேற நான் வேறயா?"

"வேறதாங்க. உங்களுக்கு செருப்பு எட்டு, எனக்கு ஆறு."

இவ்வளவு பேசியும் அக்கா கிளம்பிப் போனார். நாளைக்கு அவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால், இவள் நடக்காததால்தான் என்று நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். தனக்கே அப்படித் தோன்றிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. கோபத்தைப் பயம் ஜெயித்துவிட்டது.

முப்பத்தாறு பேர் நடந்தார்கள். வீட்டுக்காரர் மூட்டைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாமான் வேனின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். குழுவுக்குத் தலைவர், ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். மாஸ்டர் என்பார்கள்.

அக்காவின் புது ஷூ அளவு கச்சிதமாக இருந்தது. தப்பே அதுதான். நாலு மணி நேரம் தார்ரோட்டில் நடந்தால் பாதம் வீங்கும் என்று அதை வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அன்று தங்கிய பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொதிக்க வைத்த ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை வடித்தார். மேல்தோலை உரிக்கவில்லை. அப்படியே அழுத்தி, மருந்து தடவி, துணி வைத்து ஒட்டினார். கட்டுப்போடும் அறைக்கு விரிப்பு கொண்டுபோகும்போதெல்லாம் வாசலில் நின்று பார்த்துப் பழகிய வேலை அது.

மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "வலியக் கொறைக்கப் பாக்கறவங்க இந்தப் பாதையில நடக்கவே வேணாம்மா. வலிதான் நாம குடுக்கற காணிக்கை."

"உங்க காணிக்கைய உங்க கால்ல குடுங்க மாஸ்டர். என் காலு திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்."

ஐந்தாம் நாள் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அக்கா கத்தி வாங்கி ஷூவின் முன்பக்கத்தை வெட்டி எறிந்தார். வேன் ஜன்னல் வழியாக வீட்டுக்காரர், "ஐயையோ, புது ஷூவாச்சே!" என்று அலறினார். அக்கா பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் கையிலிருந்த கத்தியோடு சொல்லவேண்டியிருக்கும் என்று எங்களிடம் பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அக்கா முன்னால் பத்துப்பேர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஈரச் சாக்ஸோடு நடந்தவனுக்கு ஒரு திட்டு, கொப்புளத்தைப் பிய்த்தவளுக்கு இரண்டு திட்டு. திட்டிக்கொண்டே கட்டுப்போட்டார்.

எட்டாம் நாள் காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ரொம்பப் பின்தங்கி வந்தாள். இருபத்துநாலு வயதிருக்கும். முதல் நாளிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள், இன்று வாயே திறக்கவில்லை. அக்கா அவளை மைல்கல்லில் உட்காரவைத்து சாக்ஸைக் கழற்றினார். குதிகாலில் சீழ். அங்கிருந்து கெண்டைக்கால் வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு. உடம்பு அனலாகக் கொதித்தது.

"எப்பலேருந்துடி இது?"

"நேத்து மத்தியானத்துலேருந்துக்கா. மாஸ்டர்கிட்ட சொன்னேன். இன்னும் ரெண்டு நாள்தானே, மனச அடக்குன்னாரு."

அக்கா கறுத்த நகத்தோடு வேனை நோக்கி நடந்த வேகத்தில் வழியில் நின்றவர்கள் விலகிவிட்டார்கள். பின்னால் கூரை வரைக்கும் மூட்டை. டிரைவருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் அகலமாக உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க."

"ஏன், என்னாச்சு?"

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இறங்குங்க."

"எனக்கு ஹார்ட்டு..."

"தினம் நடக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்து ஆறு மாசமாச்சு. நானும் படிச்சேன்."

மாஸ்டர் ஓடிவந்தார். "குழுவ விட்டுப் போனா நேர்த்திக்கடன் நிறைவேறாதும்மா. ஒம்பது நாளும் வீணாப் போயிடும்."

"இவ ரத்தத்துல சீழ் ஏறினா உங்க கடவுள் வந்து இறக்குவாரா? ஒரு பொண்ணு கால் அழுகுதுன்னு சொல்றா, நீங்க மனச அடக்கச் சொல்றீங்க. நான் என் வாய அடக்கிக்கிட்டு நிக்கிறதே பெரிசு. தள்ளுங்க!"

அந்தப் பெண்ணை நடுவில் வைத்து அக்கா ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டார். வேன் கிளம்பியது. ரோட்டோரத்தில் வீட்டுக்காரர் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில், அரைநாள் தாமதித்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாள் மருந்து ஏற்றினார்கள். யாத்திரை முடியாமல் போனதே என்று அந்தப் பெண் அழுதாள். அக்கா அவளையும் விடவில்லை. "அழுவுறத நிறுத்து. நேத்தே என்கிட்ட காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" என்று கத்திவிட்டு, தலையணையைச் சரிசெய்தார்.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து மிச்சமிருந்த பத்தொன்பது கிலோமீட்டரையும் நடந்து மலையேறிவிட்டாராம். பாதமெல்லாம் கொப்புளம்.

"இவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

அக்காவுக்கு அதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. அத்தனை நாள் கோபமும் அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

"தெரியலன்னா கேட்டிருக்கலாமே? எட்டு நாள் ஜன்னலுக்கு வெளியதானே நொண்டிக்கிட்டு வந்தேன்?"

அக்கா அவர் காலைப் பார்த்தார், தொடவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒரு மாசம் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை. இந்த வருஷம் அவர் தானே நடக்கப்போகிறாராம், வேறு குழுவோடு. "நீயும் வர்றியா?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டு முடிவுசெய்தது அதுதான் முதல் தடவை.

அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டார்.