பஞ்சுச் சோதனை

போன கிழமை எனது பிசியோதெரபி அறையில் ஒரு சோதனை நடந்தது. சோதனைக்கு இருந்தவர் பரந்தன் ஊர்ப் பக்கத்து வயல்காரர். ஐம்பது தாண்டியவர். அருகில் மனைவி — ட்யூஷன் மாஸ்டர் முகத்துடன்.

அவருடைய வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்கத் தொடங்கியிருந்தன.

"முள்ளந்தண்டுப் பிழை, பிள்ளை. உழவு மெஷின் குலுக்கினது" என்றார்.

"இவருக்குக் கையில சூடும் தெரியாது. கோயில் பொங்கல் பானையைத் துணியில்லாமல் இறக்குவார். அம்மாளின்ர அருள்!" என்றார் மனைவி.

அருளா? முழங்கையைத் தடவினேன். பின்புற நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. தோலில் வெளிறிய படை.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். முள்ளந்தண்டுக்குள் கதகதப்பு... பெரும்பாலும் அங்கே போகாது. முழங்கை, முழங்கால், கணுக்கால் — தோலை ஒட்டி ஓடும் நரம்புகளில்தான் குடியேறும். நரம்பு செத்தால் சூடும் வெட்டும் தெரியாது. தெரியாமல் பட்ட காயங்கள் புண்ணாகித்தான் விரல்கள் பறிபோகின்றன. நேரத்தோடு பிடித்தால் மாத்திரைகளே கையைக் காப்பாற்றும்.

"கண்ணை மூடுங்கோ அண்ணை. பஞ்சு பட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ."

தொட்டேன். "ஓம்!" மறுபடி தொட்டேன். "ஓம்!" நூற்றுக்கு நூறு. ஆனால் ஒவ்வொரு ஓமுக்கும் முன்னால் மனைவிக்கு ஓர் இருமல்.

பஞ்சை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மனைவிக்கு உண்மையாகவே தொண்டை கரகரத்தது. "க்கும்."

"ஓம்!"

"அக்கா, கொஞ்சம் வெளியில இருங்கோ."

"ஐயோ பிள்ளை, இதில பெயிலானால் கோயில்காரர் இவரைப் பானை தொட விடமாட்டினம்!"

எங்கள் ஆட்கள் இப்படித்தான். இரத்தச் சீனி டெஸ்டுக்கு முதல்நாள் மட்டும் பால் விடாத பிளேன்ரீயில் சீனியை நிறுத்துவார்கள். நோய் வருத்தத்தைக் காட்டவா கிளினிக்குக்கு வருகிறோம்? மார்க்ஸ் எடுக்கத்தானே!

அக்கா வெளியே போனார். தொட்டேன். மௌனம். சின்ன விரல், உள்ளங்கை ஓரம், புறங்கை... மௌனம்.

கண்ணை மூடியபடியே அவர் கேட்டார்: "இன்னும் தொடங்கேல்லையோ, பிள்ளை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது.

தோல் வைத்தியர் பார்த்து உறுதிப்படுத்தினார். மாத்திரை தொடங்கியாயிற்று. நேற்று இருவரும் என்னிடம் வந்தார்கள்.

"அப்ப நான் பெயிலோ?"

"ஓம் அண்ணை. அதாலதான் கை தப்பப் பாக்குது."

"இரண்டாந்தரம் எடுக்கலாமோ?"

"மாசாமாசம் எடுக்க வேணும்."

மனைவி தொண்டையைச் செருமினார். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ வெளியில போய் இரு!"