சபீனாவுக்கு வாய்த்த ஜோடி

ஒரு ஆளைப் பிடிக்காமல் போவதற்குச் சபீனாவுக்கு அதிக நேரம் ஆகாது. பூந்தமல்லியில் புருஷன் ஹாஜா மொய்தீனோடு மெத்தைக் கடை பார்க்கிறவள். உள்ளே வருகிறவன் வாங்க வந்தவனா, அழுத்திப் பார்த்துவிட்டுப் போக வந்தவனா என்பதை அவன் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஆடியவள், கல்யாணத்தோடு விட்டிருந்தாள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மறுபடி பேட்டைத் தொட்டாள். மாடியில் பஞ்சு மூட்டைகளை ஓரம் கட்டி, ஹாஜா ஒரு பழைய மேசையைப் போட்டுக் கொடுத்தார். தினமும் அவளிடம் தோற்றுச் சலித்து, "உனக்கு நான் பத்தமாட்டேன்மா" என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் மண்டல விளையாட்டு விழா ஆவடியில் நடந்தது. அவளைச் சேர்த்துக்கொண்ட பூந்தமல்லி அணியின் மேனேஜர் வீராசாமி, கலப்பு இரட்டையரில் அவளுக்கு ஜோடியாகத் தன் மருமகன் திருமுருகனைப் போட்டார். ஐ.டி. உத்தியோகம், பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த ஃப்ளாட். பேட்டுக்கு ஒரு உறை, அந்த உறைக்கு ஒரு பை.

"அக்கா, நீங்க சும்மா திருப்பிப் போட்டா போதும். அடிக்கிறத நான் பாத்துக்கறேன்" என்றான்.

'நீ இன்னாத்தப் பாத்துக்குவே' என்று அவள் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

இரட்டையரில் இருவரும் மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும். திருமுருகனோ ஒரு அடி அடித்துவிட்டு, அதன் அழகை ரசித்தபடி மேசை முன்னாலேயே நிற்பான். சபீனா அவன் முதுகைச் சுற்றி ஓடி அடுத்த பந்தை எடுப்பாள். அவன் அடி வலையில் விழுந்தால் பேட்டின் ரப்பரை ஊதுவான், மேலே விளக்கை முறைப்பான். தன் கையை மட்டும் பார்க்கமாட்டான். இந்தச் சண்டி மாட்டை அரையிறுதி வரை அவள்தான் இழுத்து வந்தாள்.

அரையிறுதியில், கடைசி கேமில், எட்டுக்குப் பத்து. இன்னும் ஒரு பாயிண்ட் போனால் தோல்வி. முன்வரிசையில் திருமுருகனின் மாமனார் வீராசாமி. சபீனா சர்வீஸ் போடப் பந்தைக் கையில் எடுத்தாள். பின்னால் "அம்மா!" என்று ஒரு அலறல். திருமுருகன் கணுக்காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தான். பந்து இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

குனிந்து, "எழுந்திரு தம்பி, இன்னும் முடியல. நான் இழுத்துக் குடுக்கறேன்" என்றாள்.

"முடியலக்கா. வுட்டுடலாம். காயத்தால விலகினோம்னுதானே போடுவாங்க?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கே வலிக்கிறதென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து நடுவர் ஆக்னஸிடம் போனாள். "மேடம், நான் ஒண்டியா ஆடலாமா?"

"ரூல்ஸ்ல இடமில்லம்மா" என்றார் ஆக்னஸ். அவர் முகத்திலும் கசப்பு.

சாயங்காலம் பரிசளிப்பு. அரையிறுதியில் தோற்றவர்களுக்கு வெண்கலம் உண்டு. பெயரைக் கூப்பிட்டதும் திருமுருகன் படிகளை விட்டுவிட்டு ஒரே தாவில் மேடை ஏறினான்.

"காலில் காயம் பட்டும் கடைசி வரை போராடிய வீரர்!" என்று மைக்கில் முழங்கினார் வீராசாமி.

தன் கழுத்தை நோக்கி வந்த பதக்கத்தைச் சபீனா கையால் தடுத்தாள். "எனக்கு வேணாம் சார். ரெண்டையும் தம்பிக்கே போடுங்க. காலுக்கு ஒண்ணா கட்டிக்கட்டும்."

கபடிப் பையன்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. வீராசாமி "ஹலோ, ஹலோ" என்று மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பைக்கில் திரும்பும்போது ஹாஜா, "அடுத்த வருஷம் உன் பேரை எடுத்துடுவாங்க" என்றார்.

"எடுக்கட்டும். அவனோட இன்னொரு தபா ஆடறதுக்கு ஊட்லயே குந்திகினு இருக்கலாம்."

சொன்னபடியே எடுத்தார்கள். இப்போது அவள் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிற முகமது ஆசிக்கோடு சின்னப் போட்டிகளில் ஆடுகிறாள். அவன் பாதிப் பந்தை வெளியேதான் அடிக்கிறான்; அடித்துவிட்டுத் தன் கையைத்தான் பார்த்துக்கொள்கிறான். "நீ இன்னா கண்ணை மூடிகினா அடிக்கிறே?" என்று திட்டிக்கொண்டே, ஞாயிறுதோறும் அவனோடு போய்த் தோற்றுவிட்டு வருகிறாள்.