செவந்தியின் உப்பில்லா விரதம்

நாயையும் தன் ஊர்தியாக ஏற்றருளிய வயிரவப் பெருமானின் திருவடிகள் நமக்குத் துணை நிற்க!

இன்று தேய்பிறை அட்டமி. வயிரவருக்கு உகந்த நாள். காலையில் அவர் சந்நிதியில் விளக்கேற்றிவிட்டு வந்து இதை எழுத அமர்ந்திருக்கிறேன். சொல்லவிருக்கும் செய்தி ஒரு நாயைப் பற்றியது. நாளும் தானாகவே பொருந்தி வந்துவிட்டது.

முதலில் ஒரு மன்னிப்பு.

சில வாரங்களுக்கு முன் இதே பத்தியில், எங்கள் குலதெய்வக் கும்பிட்டுக்கு முந்திய உப்பில்லா விரதத்தைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? இருபத்தொரு நாள்கள் எங்கள் அடுப்பில் ஏறும் எதிலும் உப்பு விழாது. எங்களுக்குச் சமைப்பதில்தான் எங்கள் வீட்டு நாய் செவந்திக்கும் பங்கு. ஆகவே, 'எங்கள் செவந்தியும் விரதம் காக்கிறாள்' என்று பெருமிதத்தோடு அந்தப் பத்தியை முடித்திருந்தேன்.

வாசகர்கள் பலர் நெகிழ்ந்துபோனீர்கள். 'விலங்குக்கும் பக்தி உண்டு என்று உணர்த்திவிட்டீர்கள் ஐயா' என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். செவந்தி படுத்துக்கொண்டே கேட்டாள்.

படுத்தேதான் கிடந்தாள். அதையும் நான் பக்தி என்றே நினைத்தேன்.

செவந்தி கோம்பை நாய். நாங்கள் இருப்பதும் கோம்பைதான். செம்மண் நிற உடல், கரிபூசிய முகம். எங்கள் ஊர் நாய் இனத்தின் இயல்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டாரைத் தவிர வேறு எவர் கையும் மேலே படக்கூடாது. தபால்காரர் சாலையில் நின்றே குரல் கொடுப்பார். பக்கத்துத் தோட்டத்து ராயப்பன் இருபது அடி தள்ளி நின்றுதான் பேசுவார். நாலு வருடமாகப் பழக்கம் இருந்தும் அவருக்கு அந்த இருபது அடிதான்.

ராயப்பனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திராட்சை விவசாயி. தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பம். காலையில் நான் பதிகம் பாடும் வேளையும் அவர் செபமாலை சொல்லும் வேளையும் ஒன்றே. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்... எவர் குரல் ஓங்கும் என்று எங்களுக்குள் ஒரு சிறு போட்டி உண்டு. இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டோம்.

விரதத்தின் பதினேழாம் நாள். காலை பத்து மணி இருக்கும்.

"அய்யா! சட்டுனு வாங்க! உங்க நாயி எங்க தோட்டத்துல வந்து விழுந்து கெடக்கு!"

ராயப்பனின் குரல். ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் எதை ஓட்டம் என்பது? போய்ச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைப் பந்தலின் ஓரத்தில், தென்னையடியில், செவந்தி ஒருக்களித்துக் கிடந்தாள். நான்கு கால்களும் வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. சிறிது நேரத்தில் இழுப்பு நின்றது. ஆனால் அவள் எழவில்லை.

பந்தலில் வேலை செய்துகொண்டிருந்த நாலைந்து பேர் கம்புகளோடு வந்துவிட்டார்கள்.

"வெறி புடிச்சிருச்சு. அடிச்சுப் போட்டுற வேண்டியதுதான்."

"பிள்ளைக வெளையாடுற எடம் அய்யா. யோசிக்காதீக," என்றார் ராயப்பன். அவர் பேரப்பிள்ளைகள் மூவரும் அந்தத் தென்னையடியில்தான் எந்நேரமும் கிடப்பார்கள். அவர் அச்சத்தில் தவறில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அச்சம்தான். தலையசைக்க இருந்தேன். தடுத்தவள் என் மனைவி செல்லம்மாள்.

"மங்கைக்குப் போன் போட்டாச்சு. அவ வர்ற வரைக்கும் எவனாச்சும் கம்பத் தூக்குனா, நடக்குறதே வேற!"

மங்கை எங்கள் ஒரே மகள். மங்கையர்க்கரசி என்று நான் ஆசையோடு வைத்த பெயரை ஊர் சுருக்கிவிட்டது. உத்தமபாளையம் பக்கம் அரசுக் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். இந்தப் பத்தியில் இதுவரை அவளை 'என் மகள், டாக்டர்' என்று மட்டுமே எழுதி வந்திருக்கிறேன். ஏன் தெரியுமா? வெளியே எவரேனும், "டாக்டரா? கம்பம் ஆஸ்பத்திரியிலயா, தேனியிலயா?" என்று கேட்டால், பேச்சை மழைக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். மாட்டு டாக்டர் என்ற சொல் என் நாவில் ஏற மறுத்தது. இத்தனைக்கும், விடையேறும் பெருமானை, காளை வாகனனை, நாள்தோறும் பாடுகிறவன் நான்!

அரைமணியில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"மொத கம்பெல்லாம் கீழ போடுங்க. யாரையாச்சும் கடிச்சுச்சா?"

"இல்லம்மா."

"தடுப்பூசி அட்டை எங்கம்மா?"

செல்லம்மாள் கையிலேயே வைத்திருந்தாள். மங்கை அதைப் பார்த்தாள். கையுறை மாட்டினாள். செவந்தியின் கண்ணில் டார்ச் அடித்தாள். முன்காலின் பாதத்தை மடித்து, அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தாள். ஒரு கணம்... இரண்டு கணம்... செவந்தி மெல்லப் பாதத்தைத் திருப்பிச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"மூளையை அளக்குற மிஷின் நம்மகிட்ட இல்லப்பா. இருக்குறது டார்ச்சும் கையும்தான். ஆனா பாத்தீகளா, காலு எங்கன இருக்குன்னு அவளுக்குத் தெரியுது, மூளை சரியாத்தான் இருக்கு. இதுக்கு முன்னாடி விழுந்திருக்காளா?"

"ரெண்டு தடவை," என்றாள் செல்லம்மாள். "விழுந்துட்டு, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வாலாட்டிக்கிட்டு வந்து கஞ்சி குடிச்சா."

"வெறி புடிச்ச நாயி அப்பிடி எந்திரிச்சு வந்து கஞ்சி குடிக்காதும்மா. ராயப்பண்ணே, பின்னங்காலப் புடிச்சுக்கங்க."

"நானா? என்னைய ஆளை விடு ஆத்தா!"

"புடிங்கண்ணே. கையுறை தாரேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு பிடித்தார். செவந்தி உறுமவில்லை. அவர் கை பட்டும் உறுமவில்லை! அப்போதுதான் மங்கையின் முகம் மாறியது.

பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். ஈ.சி.ஜி. கருவி. சென்ற ஆண்டு எனக்கு எடுத்தார்களே, அதே வகை. கவ்விகள் மட்டும் சிறியவை. முழங்கைகளிலும் முழங்கால்களிலும் ஸ்பிரிட் நனைத்துக் கவ்விகளை மாட்டினாள். காகிதம் கிர்ரென்று ஊர்ந்து வெளிவந்தது.

"நிமிசத்துக்கு நாப்பத்தெட்டு துடிப்பு," என்றாள். "நாலு பேரு சுத்தி நின்னு புடிச்சிருக்கோம். பயத்துல நூறுக்கு மேல ஓடணும் இவளுக்கு. நாப்பத்தெட்டுதான் ஓடுது."

காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "இங்கன பாருங்கப்பா. ஒவ்வொரு துடிப்புக்கும் மொதல்ல ஒரு சின்ன மேடு வரணும். காணோம். கடைசி மேடு கூடாரம் மாதிரி நிக்கிது."

இதய நோயா? நான் கேட்க வாயெடுப்பதற்குள் ராயப்பன் முந்திக்கொண்டார். அது கேள்வி அல்ல, புகார்.

"நாயிக்கு என்னமோ ஆயிருச்சும்மா. ஒரு வாரமா என் தென்னை அடியையே தோண்டுது. மரத்துக்குக் கல்லுப்பு வச்சிருந்தேன். அம்புட்டையும் நக்கிருச்சு. அய்யாகிட்டச் சொல்லலாம்னு வந்தேன். பதிகம் பாடிக்கிட்டு இருந்தாக, திரும்பிட்டேன்."

மங்கையின் கை நின்றது.

"என்னத்த நக்குச்சு?"

"உப்பத்தான்."

"அம்மா, இவளுக்கு என்ன சோறு போடுறீக?"

செல்லம்மாள் என்னைப் பார்த்தாள். நானோ, அந்த நிலையிலும் பெருமை விடாமல், "விரதச் சோறுதான் ஆத்தா. பதினேழு நாளா அவளும் நம்மளோட..." என்று தொடங்கினேன்.

மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள்.

"அவ விரதம் இருக்கலப்பா. உப்பைத் தேடி அலைஞ்சிருக்கா."

அதன்பின் ஊசியைக் குத்திக்கொண்டே அவள் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். சிறுநீரகத்தின் தலைமாட்டில் நிலக்கடலை அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. உடலுக்கு வேண்டிய உப்பைப் பிடித்து வைத்துக்கொள் என்று ஆணையிடும் ஹார்மோன் அவற்றிலிருந்து வருகிறது. அது வற்றினால் உப்பு சிறுநீரோடு வெளியேறும். பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தைத் தளர்த்தும். இதயம் தளர்ந்தால் மூளைக்கு இரத்தம் போதாது. விழுவாள், இழுக்கும்.

"பாத்தா மூளைக் கோளாறு மாதிரி இருக்கும். அளந்தா இதயக் கோளாறு மாதிரி இருக்கும். ரெண்டும் இல்ல. ஹார்மோன்னு சந்தேகப்படுறேன். இந்த பாட்டிலத் தூக்கிப் புடிங்கப்பா."

"இது என்ன மருந்து ஆத்தா?"

"உப்புத்தண்ணிதான்பா."

என் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உப்பைத் தொடாத பதினேழாம் நாள். தென்னையடியில், வெயிலில், உப்புநீர்க் குப்பியை இரு கைகளாலும் தலைக்குமேல் ஏந்தி நிற்கிறேன். எத்தனையோ கோயில் திருமுழுக்குகளில் குடம் ஏந்தியிருக்கிறேன். இத்தனை ஒருமையோடு எந்தக் குடத்தையும் ஏந்தியதில்லை. ஒவ்வொரு சொட்டும் விழுவது எனக்குத் தெரிந்தது.

காகிதம் ஊர்ந்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு... ஐம்பத்திரண்டு. என் உதடுகளில் ஐந்தெழுத்து. ராயப்பனின் உதடுகளிலும் ஏதோ அசைந்தது. அன்றைக்குப் போட்டி இல்லை. கம்போடு வந்தவர்கள் கம்பைப் போட்டுவிட்டு, எனக்கு நிழலாக ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அறுபது. அறுபத்தெட்டு.

"மேடு வந்துருச்சுப்பா!"

"எங்கனம்மா? எங்கன?" ராயப்பன் காகிதத்தின் மேல் குனிந்தார். எல்லோரும் குனிந்தோம். கொசுவளவு ஒரு மேடு. அதை அடுத்து இன்னொன்று. எங்கள் மலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மேட்டைப் போல உயரமான எதையும் அதுவரை கண்டதில்லை.

அப்போதுதான், பின்னங்காலைப் பிடித்திருந்த ராயப்பனைப் பார்த்து, செவந்தி உறுமினாள்.

"பாருங்கய்யா அநியாயத்த! அரை மணி நேரமா காலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், என்னையவே உறுமுறா!" என்று துள்ளி விலகினார். இருபது அடி சரியாக இருந்தது. மங்கை சிரித்தாள். செல்லம்மாள் அழுதாள்.

உயிர் மீண்டாலும், சந்தேகத்தைச் சந்தேகமாகவே விட்டுவிட மங்கையின் மனம் ஒப்பவில்லை. சோதனையைக் கெடுக்காத மருந்தை மட்டும் கொடுத்து வந்தாள். அந்தச் சுரப்பியைத் தூண்டும் ஊசியை மதுரையிலிருந்து வரவழைத்தாள். ஊசிக்கு முன் ஒரு குழாய் இரத்தம், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். தூண்டினால் நல்ல சுரப்பி பொங்கிச் சுரக்க வேண்டுமாம். செவந்தியின் இரண்டு அளவுக்கும் வேற்றுமையே இல்லை. மகள் தென்னையடியில் சொன்னதை, சில நாள் கழித்து ஆய்வுக்கூடத்துத் தாள் வழிமொழிந்தது.

"அப்ப நான்தான் அவளைக் கொல்லப் பாத்தேனா?" என்று கேட்டேன்.

"நோவு முன்னாடியே உள்ள இருந்துச்சுப்பா. சோத்து உப்புல ஒப்பேத்திக்கிட்டு இருந்திருக்கா. நீங்க அந்த ஊன்றுகோலை எடுத்துட்டீக. அவ்ளோதான்." சற்று நிறுத்தினாள். "ஆனா இனிமே விரதம் யாருக்குன்னு அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

கேலிதான். வாங்கிக்கொண்டேன்.

அடியவர் மரபில் இறைவன் முன் தன்னை 'நாயேன்' என்று தாழ்த்திச் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லை ஐம்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் கண்ணீரோடு பாடி வருகிறேன். ஆனால் என் காலடியில் கிடந்த நாயை ஒருமுறையேனும் குனிந்து பார்த்தேனா? பார்த்தவள் என் மகள். வாய் பேசாத உயிரின் மூளையைக் கையால் தொட்டு, இதயத்தைக் காகிதத்தில் வரைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுரப்பின் குறையை அளந்து சொன்னாள். நான் பாடினேன். அவள் கேட்டாள்.

சென்ற வாரம் தேனிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். "மக என்ன செய்யிறாக?"

"டாக்டர்."

"எந்த ஆஸ்பத்திரியில?"

மழை நன்றாகவே பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் பேச்சை மாற்றவில்லை. "கால்நடை டாக்டர்" என்றேன், ஓட்டுநருக்கும் கேட்கும்படி! இறங்கும் வரை அவருக்கு முழுக்கதையும் சொன்னேன். பாவம், அவர் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் விடியற்காலை மாத்திரை நேரம். வெறும் வயிற்றில் செல்லம்மாளுக்குத் தைராய்டு மாத்திரை. அடுத்து, இட்லிக்குள் பொதிந்து செவந்திக்கு அவளுடைய மாத்திரை. இருவருக்கும் ஆயுள் முழுவதும் உண்டு. இருவரையும் மங்கை போனில் விசாரிப்பாள். முதலில் செவந்தியை!

வருகிற ஆண்டும் உப்பில்லா விரதம் உண்டு. செவந்தியின் தட்டுக்கு மட்டும் தனி அடுப்பு. ராயப்பன் வேலிக்கு மேலே ஒரு பை கல்லுப்பை நீட்டி, "இது தென்னைக்கு இல்ல அய்யா, உங்க பக்தைக்கு" என்றார். அவருக்கும் கேலி வந்துவிட்டது.

'நாயேன்' என்ற சொல்லை இப்போதும் நாள்தோறும் பாடுகிறேன். முன்பு தாழ்வாகச் சொன்னேன். இன்று அதற்குத் தகுதி வேண்டிச் சொல்கிறேன்.

இதை வாசிக்கும் உங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும், உங்கள் வாசலில் படுத்திருக்கும் உயிரின் நெஞ்சிலும், அந்தச் சின்ன மேடு ஒவ்வொரு துடிப்பிலும் தவறாமல் எழ, வயிரவப் பெருமான் அருள்க!